போக்கரில் சுற்றுக்குச் சுற்று பெட்: ஃப்ளாப்பிலேயே ரிவருக்குத் திட்டம் போடுவது எப்படி

கைகளின் வரிசை தெரியும், பிளைண்ட் என்றால் என்ன, பட்டன் யாரிடம் இருக்கிறது என்பதெல்லாம் தெரியும். ஆனாலும் சிப் கரைந்துகொண்டே போகிறது. புதியவர்கள் ஆடுவதைச் சிறிது நேரம் கவனித்தால் காரணம் புரியும்: ஒவ்வொரு சுற்றையும் தனி ஆட்டமாக ஆடுகிறார்கள். ஃப்ளாப்பில் (நடுவில் முதலில் விழும் மூன்று பொதுச் சீட்டுகள்) ஜோடி கிடைத்ததும் பெட். டர்னில் (நான்காவது பொதுச் சீட்டு) ஒரு ஏஸ் விழுந்ததும் பயந்து செக், அதாவது எதுவும் வைக்காமல் விடுவது. ரிவரில் (ஐந்தாவது, கடைசிச் சீட்டு) எதிராளியும் செக் செய்ததும் திடீர் தைரியம், பெரிய பெட். உண்மையிலேயே பலமான கை வைத்திருப்பவர் இப்படி ஆடுவதில்லை என்பது எதிரில் இருப்பவருக்குத் தெரியும். நம்மிடம் மோசமான கை இருந்தால் கால் செய்துவிடுவார் (அதே தொகையை வைத்துத் தொடர்வார்), நல்ல கை இருந்தால் ஏற்கெனவே வர வேண்டிய தொகை வராமல் போயிருக்கும்.

ஃப்ளாப்பில் முதல் சிப்பை நகர்த்தும் முன்பே மூன்று கேள்விகளுக்குப் பதில் வேண்டும். டர்னில் எந்தச் சீட்டு விழுந்தால் தொடர்வேன்? எது விழுந்தால் நிறுத்துவேன்? ரிவர் வரை போனால் என் சிப்பில் எவ்வளவு நடுவில் இருக்கும்? இந்தக் கட்டுரை முழுவதும் இந்த மூன்றைப் பற்றியதுதான்.

இங்கே வரும் எண்கள் நோ-லிமிட் டெக்சாஸ் ஹோல்டம் ஆட்டத்துக்கானவை. பிளைண்ட் 1, 2. ஒவ்வொருவரிடமும் 200 சிப், அதாவது 100 பிக் பிளைண்ட். உங்கள் மேசையில் அளவு வேறாக இருந்தால் விகிதத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். டோர்னமென்ட்டின் பின்பகுதியில் 20 பிக் பிளைண்டோடு உட்கார்ந்திருப்பவருக்கு இதில் பாதி பொருந்தாது. மூன்று சுற்றுக்கு வைக்க அவரிடம் சிப்பே இருக்காது.

பாட் எப்படி வளர்கிறது

பட்டனில் இருப்பவர் 5க்கு ரெய்ஸ் செய்கிறார், அதாவது தொகையைக் கூட்டுகிறார். ஸ்மால் பிளைண்ட் ஃபோல்ட் (கையைக் கைவிடுகிறார்), பிக் பிளைண்ட் கால். நடுவில், அதாவது பாட்டில், 11 சிப். இருவரிடமும் 195 மிச்சம். இங்கிருந்து மூன்று சுற்றிலும் நாம் பெட் வைத்து, எதிராளி மூன்று முறையும் கால் செய்தால் அவரிடமிருந்து வரும் மொத்தத் தொகை இது:

- ஒவ்வொரு முறையும் பாட் தொகையில் மூன்றில் ஒரு பங்கு: ஏறக்குறைய 20
- பாதி: 38
- மூன்றில் இரண்டு பங்கு: 64
- முக்கால்: 80
- முழுப் பாட்: 143

பாதிக்கும் முழுதுக்கும் ஒரு சுற்றில் வித்தியாசம் இரண்டு மடங்கு. மூன்று சுற்று முடியும்போது அது நான்கு மடங்கை நெருங்கிவிடுகிறது. பாதிப் பாட் பெட்டுக்குக் கால் வந்தால் பாட் இரு மடங்காகும், முழுப் பாட் பெட்டுக்குக் கால் வந்தால் மும்மடங்காகும். அடுத்த பெட் அந்தப் பெருகிய தொகையின் மேல் கணக்காகிறது. ஃப்ளாப்பில் 3 சிப் வைத்துவிட்டு ரிவரில் "ஏன் பாட் இவ்வளவு சின்னதாக இருக்கிறது" என்று கேட்பவர் தவறு செய்த இடம் ரிவர் கிடையாது.

அடுத்தது, மிச்சச் சிப்புக்கும் பாட் தொகைக்கும் உள்ள விகிதம். மேலே சொன்ன உதாரணத்தில் 195ஐ 11ஆல் வகுத்தால் 17.7. இந்த விகிதத்தில் ரிவருக்குள் எல்லாச் சிப்பையும் உள்ளே தள்ள வேண்டுமானால் ஒவ்வொரு சுற்றிலும் பாட்டை விடச் சற்று அதிகமாக, 1.16 மடங்கு வைக்க வேண்டும். கணக்குப் போடும் வழி: விகிதத்தை இரண்டால் பெருக்கி 1 கூட்டி, கனமூலம் எடுத்து, அதில் 1 கழித்துப் பாதியாக்குவது. மேசையில் உட்கார்ந்து யாரும் கனமூலம் எடுக்க மாட்டார்கள். நான்கு இணைகளை மனத்தில் வைத்தால் போதும்: விகிதம் 13 என்றால் முழுப் பாட், 7 என்றால் முக்கால், 3.5 என்றால் பாதி, 2க்குக் கீழே என்றால் மூன்றில் ஒன்று. மூன்று சுற்றும் அந்த அளவில் வைத்தால் ரிவரில் சிப் சரியாகத் தீரும்.

ப்ரீஃப்ளாப்பில் (ஃப்ளாப் விழும் முன்) ரீ-ரெய்ஸ் நடந்த கைகளில் இது எவ்வளவு மாறுகிறது பாருங்கள். பட்டன் 5, பிக் பிளைண்ட் 22, பட்டன் கால். நடுவில் 45, இருவரிடமும் 178. விகிதம் 4க்குச் சற்றுக் குறைவு. ஃப்ளாப்பில் 24 வைத்தால் பாட் 93. டர்னில் 50 வைத்தால் 193. மிச்சம் 104, அதுவே ரிவரின் ஆல்-இன் (மிச்சச் சிப் முழுதும்), பாட் தொகையில் பாதிக்குச் சற்று மேல். எங்கும் பெரிய பெட்டே இல்லாமல் 178 சிப்பும் போய்விட்டது. சாதாரணக் கையில் முக்கால் பாட் வைத்துப் பழகியவர் இங்கேயும் அதையே செய்தால் டர்ன் பெட்டுக்குப் பின் பாட் தொகையில் கால் பங்குகூட இல்லாத சிறு மிச்சத்தோடு ரிவருக்கு வருவார். அந்த மிச்சத்தை வைத்து யாரையும் ஃபோல்ட் செய்ய வைக்க முடியாது.

பெட் அளவு எதிராளியிடம் என்ன கேட்கிறது

எதிராளி எத்தனை முறை ஃபோல்ட் செய்தால் வெறும் பிளஃப் (நல்ல கை இல்லாமலே எதிராளியை விலக வைக்கும் பெட்) நஷ்டமில்லாமல் போகும் என்பது எளிய வகுத்தல்: பெட்டை, பெட்டும் பாட்டும் சேர்ந்த தொகையால் வகுக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்கு பெட்டுக்கு 25 சதவீதம், பாதிக்கு 33, முக்காலுக்கு 43, முழுப் பாட்டுக்கு 50. எதிராளியின் பக்கமிருந்து பார்த்தால் அதே பெட்களைக் கால் செய்ய அவர் முறையே 20, 25, 30, 33 சதவீதம் வென்றால் போதும்.

இரண்டாவது வரிசை இன்னொரு வேலையும் செய்கிறது. ரிவரில் நாம் பெட் வைக்கும் கைகளில் பிளஃப் எவ்வளவு இருக்கலாம் என்பதும் அதே எண்தான். முழுப் பாட் வைத்தால் மூன்றில் ஒன்று, அதாவது இரண்டு நல்ல கைக்கு ஒரு பிளஃப். பாதிப் பாட் என்றால் மூன்று நல்ல கைக்கு ஒன்று. முன் சுற்றுகளில் பிளஃப் இதைவிட அதிகமாக இருக்கலாம், இருக்கவும் வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் முழுப் பாட் வைக்கும் ஏட்டுக் கணக்கில் டர்ன் பெட்களில் பாதிக்கு மேலும், ஃப்ளாப் பெட்களில் 70 சதவீதமும் இன்னும் உருவாகாத கைகளாக இருக்கலாம் என்று வரும். ஃப்ளாப்பில் பல கைகளோடு தொடங்குகிறோம், டர்னில் சிலவற்றைக் கைவிடுகிறோம், ரிவரில் இன்னும் சிலவற்றை. மூன்று சுற்றிலும் ஒரே அளவு துணிச்சலோடு ஆடுபவர் ரிவரில் எக்கச்சக்கமாகப் பிளஃப் செய்துகொண்டிருப்பார். ஃப்ளாப்பில் மட்டும் பெட் வைத்துவிட்டு டர்னில் எப்போதும் நிற்பவரை எதிராளி எதைக் கொண்டும் ஒருமுறை கால் செய்து விரட்டிவிடலாம்.

படி 1: கை எத்தனை சுற்றைத் தாங்கும்

ஃப்ளாப் விழுந்ததும் கையை நான்கு குவியலில் ஒன்றில் போடுங்கள்.

முதல் குவியல், மூன்று சுற்றும் பெட் தாங்குபவை: செட் (கையிலுள்ள ஜோடிக்கு மேசையில் மூன்றாவது சீட்டு), இரண்டு ஜோடி, பெரும்பாலான மேசைகளில் நல்ல கிக்கரோடு (ஜோடியில் சேராத மற்றக் கைச்சீட்டு) டாப் பேர் (மேசையின் பெரிய சீட்டோடு ஜோடி), ஃப்ளாப்பை விடப் பெரிய பாக்கெட் ஜோடி. கேள்வி ஒன்றே: மூன்று முறை கால் செய்துவிட்டு நம்மிடம் தோற்கும் கைகள் எதிராளியிடம் போதுமான அளவு இருக்கின்றனவா? பெரும்பாலும் இருக்கின்றன என்றால் இந்தக் குவியல்.

இரண்டாவது, ஒன்று அல்லது இரண்டு சுற்று தாங்குபவை: மோசமான கிக்கரோடு டாப் பேர், நடு ஜோடி. இவற்றை வைத்து மூன்று முறை பெட் வைத்தால் நம்மைவிடக் கெட்ட கைகள் எல்லாம் ஃபோல்ட் ஆகி, நல்லவை மட்டும் எஞ்சும். ஏதாவது ஒரு சுற்றில் செக் செய்தே ஆக வேண்டும். எந்தச் சுற்று என்பதையும் இப்போதே முடிவு செய்யலாம். டிரா (இன்னும் சீட்டு வந்தால் முழுமையாகும் கை) நிறைய இருக்கும் ஃப்ளாப்பில் முதலில் பெட், பின் செக். வறண்ட ஃப்ளாப்பில் முதலில் செக் செய்துவிட்டு டர்னில் பெட் வைப்பது நன்றாக ஓடும்.

மூன்றாவது, செமி-பிளஃப், அதாவது இப்போது பலமில்லாவிட்டாலும் பலமாகக்கூடியவை: ஃப்ளஷ் டிரா, இருபக்க ஸ்ட்ரெய்ட் டிரா, ஓவர்கார்டோடு (மேசையிலுள்ளவற்றை விடப் பெரிய சீட்டு) கட்ஷாட் (நடுவில் ஒரு சீட்டு மட்டும் குறையும் ஸ்ட்ரெய்ட்). ஃப்ளஷ் டிராவுக்கு 9 சீட்டு உதவும். ஃப்ளாப்பிலிருந்து ரிவருக்குள் விழ 35 சதவீதம், ஒரே சீட்டில் 19 அல்லது 20. இருபக்க ஸ்ட்ரெய்ட்டுக்கு 8 சீட்டு, 31.5 சதவீதம். கட்ஷாட்டுக்கு 4 சீட்டு, 16.5.

நான்காவது, ஒன்றுமில்லாதவை. இவற்றில் பெரும்பகுதி செக் செய்து ஃபோல்ட் ஆக வேண்டியவை. புதியவர்களுக்குக் கசக்கும் செய்தி இது, ஆனால் ஃப்ளாப்பில் எதுவும் படாமல் போவது மூன்றில் இரண்டு முறை நடப்பதால் இந்தக் குவியலோடு சமாதானமாக வாழப் பழக வேண்டும்.

படி 2: ஃப்ளாப் யாருக்குச் சாதகம்

ப்ரீஃப்ளாப்பில் கடைசியாக ரெய்ஸ் செய்தவர் ஃப்ளாப்பில் பெட் வைப்பது வழக்கம். வழக்கம் என்பதால் மட்டும் வைக்கக் கூடாது. ஏஸ்-கிங்-5 விழுந்தால் ரெய்ஸ் செய்தவரிடம் ஏஸ் ஜோடி, கிங் ஜோடி, ஏஸ்-கிங் எல்லாம் இருக்க வாய்ப்புண்டு. பிக் பிளைண்டில் கால் செய்தவரிடம் இவை அநேகமாக இருக்காது. இருந்திருந்தால் ப்ரீஃப்ளாப்பிலேயே ரீ-ரெய்ஸ் செய்திருப்பார். அதனால் இங்கே மூன்றில் ஒரு பங்கு அளவில், கிட்டத்தட்ட எந்தக் கையோடும் பெட் வைக்கலாம்.

8-7-6 விழுந்தால் நிலைமை தலைகீழ். 10-9, 5-4, 8-7, 7-6 போன்றவை கால் செய்தவரிடம்தான் அதிகம். இங்கே ரெய்ஸ் செய்தவர் செக்கை நிறையப் பயன்படுத்த வேண்டும், பெட் வைக்கும்போது மூன்றில் இரண்டு பங்காவது வைக்க வேண்டும். சின்ன பெட் வைத்தால் எல்லா டிராவுக்கும் மலிவு விலை கிடைத்துவிடும்.

எதிரில் எத்தனை பேர் என்பதையும் பாருங்கள். ஒருவர் 60 சதவீதம் ஃபோல்ட் செய்வார் என்று வைத்துக்கொண்டால், இருவரும் சேர்ந்து ஃபோல்ட் ஆவது 36 சதவீதம், மூவரும் என்றால் 22. மூன்று பேர் உள்ளே இருக்கும்போது பிளஃபைத் தொடங்கவே வேண்டாம் என்பதுதான் புதியவருக்கான நேர்மையான ஆலோசனை.

பொசிஷனும் அப்படியே. முதலில் பேச வேண்டியவராக இருந்தால் எல்லாவற்றையும் ஒரு படி குறைத்துக்கொள்ளுங்கள். செக் செய்து இலவசமாக அடுத்த சீட்டைப் பார்க்கும் வசதி பட்டனில் இருப்பவருக்குத்தான் உண்டு.

படி 3: டர்ன், உண்மையான முடிவு எடுக்கும் இடம்

ஃப்ளாப் பெட் மலிவு. டர்ன் பெட் அதைப் போல இரண்டு மூன்று மடங்கு. ரிவர் இன்னும் பெரிது. எனவே "இன்னும் ஒரு சுற்று பார்ப்போம்" என்ற எண்ணத்துக்கு டர்னில் இடமில்லை. ரிவரிலும் தொடரும் எண்ணம் உண்டா என்று இங்கேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஃப்ளாப் ஜாக்-7-4, நாம் பெட், பிக் பிளைண்ட் கால். டர்னில் ஏஸ் அல்லது கிங் விழுந்தால் நமக்கு நல்லது. அது நம்மிடம் அதிகம் இருக்கக்கூடிய சீட்டு, எதிராளியின் ஜாக் ஜோடி இரண்டாமிடத்துக்கு இறங்குகிறது. பிளஃபைத் தொடரலாம், அளவையும் கூட்டலாம். 8 விழுந்தால் 10-9க்கும் 6-5க்கும் ஸ்ட்ரெய்ட் வந்துவிட்டது, இரண்டும் கால் செய்தவரிடம் இருக்கக்கூடியவை. 7 விழுந்தாலும் அதே கதை, 7 வைத்துக் கால் செய்தவர்கள் நிறைய. இங்கே பிளஃபை நிறுத்துங்கள். 2 விழுந்தால் யாருக்கும் எதுவும் மாறவில்லை. நல்ல கைகளும் நல்ல டிராக்களும் தொடர, மற்றவை நிற்கட்டும்.

இதில் பலர் வழுக்கி விழும் இடம் ஒன்று: நமக்குப் பயமாக இருக்கும் சீட்டையும் எதிராளிக்கு உதவும் சீட்டையும் ஒன்றாக நினைப்பது. கையில் குயின் ஜோடி, டர்னில் ஏஸ் என்றால் பயமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஏஸ் எதிராளியின் ரேஞ்சுக்கும் (அவரிடம் இருக்கக்கூடிய கைகள்) அவ்வளவாக உதவவில்லை. அந்த இடத்தில் குயின் ஜோடி இரண்டாம் குவியலுக்கு இறங்குகிறது, அவ்வளவுதான். செக் செய்து ரிவரில் ஒருமுறை பெட் வைக்கவோ கால் செய்யவோ அது தகுதியான கை.

படி 4: ரிவர்

இனி சீட்டு வராது. செமி-பிளஃப் என்ற வகையே மறைந்துவிட்டது. கை வெல்லும் அல்லது தோற்கும். நல்ல கையோடு பெட் வைப்பதற்கு ஒரு சோதனை: கால் வந்தால் பாதிக்கு மேல் நாம் வெல்வோமா? ஆம் என்றால் பெட், சந்தேகம் என்றால் செக். கால் வந்தால் தோற்போம், ஃபோல்ட் ஆனாலும் ஏற்கெனவே தோற்ற கைகள்தான் ஃபோல்ட் ஆகும் என்ற நிலையில் இருக்கும் நடுத்தரக் கைகளோடு பெட் வைப்பதுதான் ரிவரில் அதிகம் நடக்கும் தவறு.

பிளஃபுக்குக் கையைத் தேர்ந்தெடுக்க இரண்டு கேள்விகள். நம் சீட்டு எதிராளி கால் செய்யக்கூடிய கைகளைக் குறைக்கிறதா? அவர் ஃபோல்ட் செய்யக்கூடிய கைகளை அப்படியே விட்டுவைக்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் அந்தக் கை பிளஃபுக்கு ஏற்றது. கீழே உள்ள உதாரணத்தில் இது கண்ணுக்குத் தெரியும்.

ஒரே மேசைச் சீட்டுகள், நான்கு கைகள்

பட்டனில் நாம் 5, பிக் பிளைண்ட் கால், நடுவில் 11. ஃப்ளாப்: கிங் ஸ்பேட், 8 ஸ்பேட், 3 ஹார்ட். டர்ன்: 2 ஹார்ட். ரிவர்: 2 கிளாவர். பெட் வைக்கும் எந்தக் கையாக இருந்தாலும் அளவு ஒன்றே: ஃப்ளாப்பில் 7, கால் வந்தால் பாட் 25. டர்னில் 18, பாட் 61. ரிவரில் 45, பாட் 151. மொத்தம் 70 சிப் உள்ளே. முதல் 5ஐயும் சேர்த்தால் 75.

கையில் ஏஸ் டைமண்ட், கிங் டைமண்ட். மூன்று சுற்றும் பெட். கிங்-குயின், கிங்-ஜாக், கிங்-10 மூன்று முறையும் கால் செய்யும். ஸ்பேட் டிராக்கள் இரண்டு முறை பணம் கொடுத்துவிட்டு ரிவரில் விலகும். ரிவரில் கிளாவருக்குப் பதில் ஸ்பேட் விழுந்திருந்தால் செக் செய்திருக்கலாம். அப்போது 45க்குக் கால் செய்து நம்மிடம் தோற்கும் கைகள் வெகுவாகக் குறைந்திருக்கும்.

கையில் 10 ஹார்ட், 8 டைமண்ட். நடு ஜோடி, இரண்டாம் குவியல். ஃப்ளாப்பில் செக். டர்ன் ஒன்றும் செய்யவில்லை. அங்கே எதிராளி மறுபடி செக் செய்தால் ஒரு பெட். ரிவரில் மீண்டும் செக், கையைக் காட்டு.

கையில் குயின் ஹார்ட், ஜாக் ஹார்ட். ஃப்ளாப்பில் பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் ஒரு ஹார்ட் மேசையில் இருக்கிறது, ஸ்ட்ரெய்ட்டுக்கும் தூரத்து வழி உண்டு. 7 வைக்கலாம். டர்னில் 2 ஹார்ட் விழுந்ததும் ஃப்ளஷ் டிரா உருவாகிவிட்டது. இங்கே 18 வைப்பதன் கணக்கைப் பாருங்கள். ஒரு உதவியும் இல்லாத கையாக இருந்தால் 18 / 43, அதாவது 42 சதவீதம் ஃபோல்ட் தேவை. இப்போது 46 சீட்டில் 9 உதவும், 19.6 சதவீதம். ரிவர் பெட்களை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டாலும் தேவையான ஃபோல்ட் 20 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. டர்னில் டிராவோடு பெட் வைப்பதற்கும் ஒன்றுமில்லாமல் பெட் வைப்பதற்கும் இவ்வளவு தூரம். ரிவர் தவறினால்? 45 வைக்கலாம். கையிலுள்ள குயினும் ஜாக்கும் எதிராளியின் கிங்-குயின், கிங்-ஜாக் வாய்ப்புகளைக் குறைக்கின்றன. தவறிப்போன ஸ்பேட் டிராக்களை அவை தொடவில்லை. அவை எல்லாம் ஃபோல்ட் ஆகும்.

கையில் 7 ஸ்பேட், 6 ஸ்பேட். ஃப்ளாப்பிலும் டர்னிலும் பெட். ரிவரில் தவறியது, நிறுத்துங்கள். நம்மிடம் இரண்டு ஸ்பேட் இருப்பதால் எதிராளி ஸ்பேட் டிராவோடு இருக்கும் வாய்ப்பு குறைகிறது. அதாவது ஃபோல்ட் ஆகக்கூடிய கைகள் குறைந்து, கிங் வைத்திருக்கும் கைகள் அப்படியே இருக்கின்றன. இரண்டு சுற்று 25 சிப் வைத்த பிறகு விட்டுவிட மனம் வராது. ஆனால் பார்க்க வேண்டியது இனி வைக்கப்போகும் 45ஐ. அதற்கு 42 சதவீதத்துக்கு மேல் ஃபோல்ட் வேண்டும்.

எல்லாத் தவறிய டிராவோடும் பிளஃப் செய்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்க்கலாம். ரிவரில் நாம் பெட் வைக்கும் பலமான கைகள்: ஏஸ் ஜோடி 6 வகை (சீட்டுகள் சேரக்கூடிய விதங்கள்), ஏஸ்-கிங் 12, கிங் ஜோடி 3, 8 ஜோடி 3, 3 ஜோடி 3, 2 ஜோடி 1. மொத்தம் 28. பெட் 45, பாட் 61 என்றால் பிளஃப் 30 சதவீதம் இருக்கலாம், அதாவது 12 வகை. பட்டனில் நாம் ரெய்ஸ் செய்யும் ஸ்பேட் டிராக்களை மட்டும் எண்ணினாலே 15ஐத் தாண்டும். ஹார்ட் டிராக்களைச் சேர்த்தால் இன்னும் அதிகம். ஆகவே சிலவற்றைக் கைவிடுவது கட்டாயம். எதைக் கைவிடுவது என்பதற்குத்தான் மேலே சொன்ன இரண்டு கேள்விகள்.

நடுவில் ரெய்ஸ் வந்தால்

ஃப்ளாப் ரெய்ஸில் டிராவும் நிறைய இருக்கும். டாப் பேரோடு ஒருமுறை கால் செய்து பார்ப்பதில் தவறில்லை. டர்னிலோ ரிவரிலோ ரெய்ஸ் வந்தால், அதுவும் சிறிய தொகை மேசையில், அது பெரும்பாலும் இரண்டு ஜோடி அல்லது அதற்கு மேல்தான். ஒற்றை ஜோடியை வைத்துக்கொண்டு "பிளஃபாக இருக்கலாம்" என்று கால் செய்வது இந்த ஆட்டத்தின் மிக விலையுயர்ந்த ஆர்வம். திட்டத்தில் மூன்று சுற்று பெட் என்று எழுதியிருந்தாலும் ரெய்ஸ் வந்த கணத்தில் அந்தத் திட்டம் காலாவதி.

கால் செய்பவருக்கும் இதே ஒழுங்கு தேவை. ஃப்ளாப்பில் 7க்குக் கால் செய்ய 28 சதவீதம் போதும் என்பது உண்மை. ஆனால் பின்னால் 18ம் 45ம் காத்திருக்கின்றன. ஃப்ளாப்பில் கால், டர்னில் கால், ரிவரில் எப்போதும் ஃபோல்ட் என்ற பழக்கம் ஒவ்வொரு முறையும் 25 சிப்பை அன்பளிப்பாகக் கொடுக்கிறது. டர்னில் எந்தச் சீட்டு விழுந்தால் விடுவேன் என்று ஃப்ளாப்பிலேயே முடிவு செய்துவிட்டுக் கால் செய்யுங்கள்.

கதை முறியும் இடங்கள்

நல்ல கை வந்தால் 20, பிளஃப் என்றால் 8 என்று அளவு மாறுவது முதல் குறை. கவனிக்கும் எதிராளிக்கு அரை மணி நேரம் போதும். பெட் அளவு மேசையிலுள்ள சீட்டுகளைப் பார்த்து மாறட்டும், நம் கையைப் பார்த்து மாற வேண்டாம்.

அடுத்தது, நல்ல கைகளே வராத பாதையில் பெரிய பிளஃப். ஃப்ளாப் செக், டர்ன் செக், ரிவரில் முழுப் பாட்டுக்கு மேல் பெட். இப்படி ஆடும் பலமான கை எது? ரிவர் சீட்டு ஒருவருக்கு அபூர்வமாக ஏதாவது கொடுத்திருந்தால் தவிர எதுவுமில்லை. பிளஃபுக்கு முன் "என்னிடம் நல்ல கை இருந்திருந்தால் இதே போல் ஆடியிருப்பேனா" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். இல்லை என்று பதில் வந்தால் சிப்பைக் கீழே வையுங்கள்.

செட் கிடைத்ததும் ஒளித்துவைப்பதும் அப்படித்தான். ஃப்ளாப்பில் செக் செய்து பொறி வைத்தால் மூன்று பெட்டில் ஒன்று போய்விட்டது. முழுப் பாட் மூன்று முறை என்றால் 143. இரண்டு முறை என்றால் 44 மட்டுமே. டிரா நிறைந்த மேசையில் பொறி வைப்பவருக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு, எதிராளிக்கு இலவசமாகச் சீட்டு விழுந்துவிடும்.

ஃபோல்டே செய்யாத எதிராளிக்கு எதிராகப் பிளஃப் செய்வது பற்றிச் சொல்லத் தேவையில்லை. அவரிடம் பிளஃபை நிறுத்திவிட்டு நல்ல கைகளுக்கு முக்காலுக்கு மேல் வையுங்கள். பிளஃப் விகிதம், 30 சதவீதம் எல்லாம் திருப்பி யோசிக்கத் தெரிந்தவர்களுக்கு எதிராகத்தான்.

பயிற்சி

இலவசச் சிப் மேசைகளில் பெட் அளவும் பாட் வளர்ச்சியும் பழகலாம். பிளஃப் பழக முடியாது. இழக்க ஒன்றுமில்லாதவர் ஃபோல்ட் செய்ய மாட்டார்.

வீட்டில் ஒரு சீட்டுக்கட்டை எடுத்து, உங்களுக்கு இரண்டு சீட்டு, நடுவில் மூன்று போடுங்கள். பாட் 11, மிச்சம் 195 என்று வைத்துக்கொண்டு நான்கு வரி எழுதுங்கள்: எந்தக் குவியல், ஃப்ளாப்பில் எவ்வளவு, டர்னில் தொடரும் சீட்டுகள் எவை, நிறுத்தும் சீட்டுகள் எவை. பிறகு டர்னைத் திருப்பி, எழுதியதை மாற்றாமல் அதன்படி நடந்து பாருங்கள். ரிவரில் மொத்தம் எவ்வளவு உள்ளே போனது என்று கூட்டுங்கள். தொடக்கத்தில் ஒரு கைக்கு ஐந்து நிமிடம் பிடிக்கும். எழுதாமலேயே பதில் வரத் தொடங்கியதும் பாட் 45, மிச்சம் 178 என்று மாற்றி அதையே திரும்பச் செய்யுங்கள்; பெட் அளவுகள் எல்லாம் வேறாக வரும், குவியல்களும் மாறும். டாப் பேர் அங்கே கிட்டத்தட்ட எப்போதும் முதல் குவியல்.